அத்தியாயம் 5: கைமாறும் ரைபிளுக்கு நியாய விலை காணும் முறை

மேகமலைத் தொடரின் அடிவாரத்தில், சண்முகாநதி அணையின் பக்கத்தில், திராட்சைப் பந்தல்களும் தென்னந்தோப்புகளும் சூழ அமைந்த ராயப்பன்பட்டி போன்ற ஊர்களில், ஒரு ரைபிள் விலைக்கு வருகிறது என்றால் அதன் பின்னே பெரும்பாலும் ஒரு மரணமோ ஒரு முதுமையோ இருக்கும். உரிமத்தோடு அதை வைத்திருந்த பெரியவர் காலமாகிவிடுகிறார். பிள்ளைகள் வெளியூரில் உத்தியோகம் பார்க்கிறார்கள். உரிமத்தைத் தம் பெயருக்கு வாங்கிக்கொள்ள அவர்களுக்கு விருப்பமும் இல்லை, அவகாசமும் இல்லை. ஆயுதமோ சட்டப்படி போலீஸ் நிலையத்திலோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்கப்பட்டு, நாளுக்கு நாள் துருவுக்கு இரையாகிக்கொண்டிருக்கிறது. அந்த நெருக்கடியை அறிந்து வாங்க வருபவர் அடிமாட்டு விலைக்குக் கேட்பதும், அதற்கு எதிராக விற்பவர், ‘இது அப்பா காலத்து மிலிட்டரி ரைபிள், இன்று எங்கே கிடைக்கும்?’ என்று ஆகாய விலை சொல்வதும் சகஜமாகிவிட்டன.

இவ்விரண்டுக்கும் நடுவே நியாய விலை என்று ஒன்று உண்டு. விற்பவரும் வாங்குபவரும் அந்த ஆயுதத்தைப் பற்றி ஒரே விஷயங்களை ஒரே அளவில் அறிந்திருந்து, இருவரில் ஒருவரும் மற்றவருடைய அறியாமையையோ அவசரத்தையோ லாபமாக்கிக்கொள்ளாமல், மனமொப்பிச் சம்மதிக்கும் தொகையே அது. ஆகவே இந்த அத்தியாயம் வாங்குபவருக்கு மட்டும் எழுதப்பட்டதன்று. கணவனை இழந்தபின் வீட்டில் இருந்த ஆயுதத்தை என்ன செய்வதென்று அறியாது நிற்கும் அம்மையாருக்கும், அவருக்கு யோசனை சொல்ல வரும் உறவினருக்கும் சேர்த்தே எழுதப்பட்டது.

1. சட்டம் விலக்கிய ரைபிளுக்கு விலையே இல்லை

பட்டாளத்தில் உபயோகித்துக் கழித்த ரைபிள்களைப் பொதுஜனங்கள் விலைக்கு வாங்கும் வழக்கம் சில தேசங்களில் உண்டு. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் ஐரோப்பிய நாடுகளின் கிடங்குகளில் குவிந்து கிடந்த லீ-என்ஃபீல்டு, மௌஸர், கார்க்கானோ ரைபிள்கள் கப்பல் கப்பலாக அமெரிக்காவுக்குச் சென்றபோது, சரக்கு மிகுந்ததால் விலை மிகவும் தாழ்ந்தது. 1963இல் ஜனாதிபதி கென்னடியைக் கொல்லப் பயன்பட்ட இத்தாலிய கார்க்கானோ ரைபிள், தொலைநோக்கியோடு சேர்த்து 20 டாலருக்கும் குறைவான விலைக்குத் தபால் மூலம் விற்கப்பட்ட பட்டாளச் சரக்கே ஆகும். அக்கொலைக்குப் பின் 1968இல் இயற்றப்பட்ட சட்டம் அத்தபால் வியாபாரத்தை நிறுத்தியது. நம் வங்காளத்து ஈஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலையில், 1962 சீன யுத்தத்தை அடுத்த ஆண்டுகளில் 7.62 மில்லிமீட்டர் தோட்டாவுக்கென உருவான ‘2ஏ’ ரைபிளும் பிற்காலத்தில் அவ்விதமே அமெரிக்கச் சந்தையில் கழிவுச் சரக்காக விலைபோயிற்று.

ஆனால் அந்த ரைபிள் பிறந்த இந்த நாட்டில், சாதாரணப் பிரஜை ஒருவர் அதை வைத்திருக்க முடியாது. .303 அல்லது 7.62 மில்லிமீட்டர் பட்டாளத் தோட்டாவை ஏற்கும் ரைபிள்களும், போலீஸார் வைத்திருந்த .410 மஸ்கெட்டுகளும் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட விதிகளில் தனி வகையாகப் பிரிக்கப்பட்டு, பொதுமக்களின் சாதாரண உரிமத்துக்கு அப்பாற்பட்டவையாக வைக்கப்பட்டுள்ளன. உத்தரப் பிரதேசப் போலீஸார் .303 ரைபிளுக்கு 2020ஆம் ஆண்டுக் குடியரசு தினத்தில் விடைகொடுத்தனர். அவ்வாறு விடைபெற்றதனால் அது பொதுஜனங்களின் சந்தைக்கு வந்துவிடவில்லை. தடைசெய்யப்பட்ட ஆயுதத்தை அனுமதியின்றி வைத்திருப்பவருக்கு, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், குறைந்தது 7 ஆண்டும் அதிகபட்சம் 14 ஆண்டும் சிறைவாசம் விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது. 2018இல் ஜபல்பூர் ராணுவ ஆயுதக் கிடங்கிலிருந்து கழிக்கப்பட்ட ஏ.கே.-47களின் பாகங்கள் களவாடப்பட்டு, பீகாரின் முங்கேரில் துப்பாக்கிகளாகப் பிடிபட்ட வழக்கை நினைவில் வைப்பவர், ‘மிலிட்டரியில் கழித்தது, மலிவாகக் கிடைக்கும்’ என்று காதோடு காதாகச் சொல்லப்படும் சரக்கு எந்த வழியில் வந்திருக்கக்கூடும் என்பதை எளிதில் ஊகித்துக்கொள்ளலாம்.

ஆதலின் நியாய விலையின் முதல் விதி இதுவே: சட்டப்படி உங்கள் உரிமப் புத்தகத்தில் ஏற முடியாத ஆயுதத்துக்கு, அது எவ்வளவு அழகாயிருந்தாலும், எவ்வளவு அபூர்வமாயிருந்தாலும், விலை சூனியம்.

2. .315 என்னும் பட்டாள வம்சத்து ரைபிள்

அப்படியாயின் நம் பக்கத்தில் ‘பழைய மிலிட்டரி ரைபிள்’ என்று பேச்சில் வழங்கி, உரிமத்தோடு கைமாறிக்கொண்டிருக்கும் ரைபிள் எது? பெரும்பாலும் அது .315 ரைபிளே. இதன் வரலாறு விலை நிர்ணயத்துக்கும் உதவக்கூடியது. ஆங்கிலேய அரசாங்கம், சிப்பாய்களின் தோட்டா கலகக்காரர் கைக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்ற அச்சத்தினால், பட்டாள அளவிலான ரைபிள்களைப் பொதுஜனங்கள் வைத்திருப்பதைத் தடுத்தது, 1907இல் .450 அளவு ரைபிள்களின் இறக்குமதியையும் நிறுத்தியது. இத்தகைய தடைகளுக்கு உட்பட்டு வேட்டைக்காரருக்கும் தோட்ட அதிபருக்கும் விற்பதற்கென, ஆஸ்திரிய-ஹங்கேரியப் பட்டாளத்தின் 8 மில்லிமீட்டர் மான்லிஹர் தோட்டாவின் வழியில் வந்த .315 அளவை இங்கிலாந்துக் கம்பெனிகள் கையாண்டன. சுதந்திரத்துக்குப் பின் நமது அரசாங்கத் தொழிற்சாலைகள் அதே அளவில், லீ-என்ஃபீல்டு ரைபிளின் போல்ட் அமைப்பை வைத்துக்கொண்டு, இந்த ரைபிளைத் தயாரித்து வருகின்றன. எனவே தோட்டாவும் பட்டாளத்து வழி வந்தது, இயந்திரமும் பட்டாளத்து வழி வந்தது. ஆயினும் பிரஜைகளுக்கு அனுமதிக்கப்பட்டது. அத்தொழிற்சாலைகளின் நிர்வாகம் 2021 அக்டோபரில் ஏழு அரசுக் கம்பெனிகளாகப் பிரிக்கப்பட்டபின், சிறு ஆயுதங்கள் கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட கம்பெனியின் பொறுப்பில் உள்ளன.

இதனால் வாங்குபவருக்கு இரண்டு சௌகரியங்கள் உண்டு. அந்த மாதிரி இன்றும் புதிதாகத் தயாராவதால், பழையதின் விலையை ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல் இருக்கிறது. தோட்டாவும் உள்நாட்டிலேயே தயாராகிறது. இதற்கு மாறாக, 1980களின் நடுப்பகுதியிலிருந்து தனியாருக்கான துப்பாக்கி இறக்குமதி பெரும்பாலும் நின்றுவிட்டபடியால், இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் செய்த பழைய ஆயுதங்கள், அவற்றின் தரத்துக்காக மட்டுமின்றி அவற்றின் அருமைக்காகவும், தகுதிக்கு மீறிய விலை பெறுகின்றன. அவற்றை மதிப்பிடும்போது அருமைக்கு எவ்வளவு கொடுக்கிறோம், இரும்புக்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்பதை மனத்தில் தனித்தனியே பிரித்து வைத்துக்கொள்வது அவசியம்.

3. முதலில் காகிதத்தைப் பாருங்கள்

ரைபிளைக் கையில் எடுக்கும் முன் உரிமப் புத்தகத்தைக் கேளுங்கள். அதில் எழுதப்பட்ட தயாரிப்பாளர் பெயர், அளவு, வரிசை எண் ஆகிய மூன்றும் ஆயுதத்தின்மேல் பொறித்தவற்றோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கவேண்டும். எண்ணை அராவி மறுபடி பொறித்த அடையாளம் தெரிந்தால், காரணம் எதுவாகச் சொல்லப்பட்டாலும், அந்தப் பேச்சை அத்துடன் முடித்துக்கொள்ள வேண்டும். அடையாள எண்ணை மாற்றுவதே தனிக் குற்றம். உரிமத்துக்குத் தேசிய உரிமப் பதிவேட்டின் தனி அடையாள எண் உள்ளதா என்பதையும் கவனியுங்கள்.

உரிமதாரர் காலமாகியிருந்தால், ஆயுதம் முறைப்படி ஒப்படைக்கப்பட்டதற்கான ரசீதையும் வாரிசுச் சான்றையும் பார்க்கவேண்டும். ஒப்படைத்த ஆயுதத்தை, குறிப்பிட்ட காலத்துக்குள், அதை வைத்திருக்கத் தகுதியுள்ளவருக்கு விற்று அந்தத் தொகையைப் பெற்றுக்கொள்ளும் உரிமையைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு வாரிசுக்கு வழங்குகிறது. காலம் கடந்துவிட்டால் ஆயுதம் அரசாங்கத்தைச் சேர்ந்துவிடும். விற்கும் எண்ணமே இல்லாதவர்கள், 2016ஆம் ஆண்டு விதிகளின்படி, உரிமதாரர் காலமானபின் மட்டுமன்றி, அவர் 70 வயது நிறைந்தபோதோ 25 ஆண்டுகள் ஆயுதத்தை வைத்திருந்தபோதோகூட, அவர் உயிரோடிருக்கும்போதே வாரிசின் பெயருக்கு உரிமம் கேட்கலாம் என்பதை அறிந்துகொள்வது நலம். இந்த வழி இருப்பதை அறியாமல் அவசரப்பட்டு விற்றுவிட்ட குடும்பம், பிறகு வருந்துவதில் பயனில்லை.

வாங்குபவர் பக்கத்திலும் சில நிபந்தனைகள் உள்ளன. உங்கள் கையில் அந்த வகை ஆயுதத்துக்கான உரிமம் முதலில் இருக்கவேண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி ஒருவர் 2 துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருத்தல் இயலாது. இவற்றோடு மேகமலையடிவாரத்து நம் பள்ளத்தாக்குக்கென்றே முக்கியமான ஒரு விதியும் இருக்கிறது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, சரணாலயத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் வசிக்கும் உரிமதாரர்கள் தம் பெயரைத் தலைமை வனஉயிரினக் காப்பாளரிடம் பதிவு செய்யவேண்டும் என்றும், அந்த எல்லைக்குள் புதிய உரிமம் அவருடைய முன் இசைவின்றி வழங்கலாகாது என்றும் கூறுகிறது. மேகமலைச் சரணாலயம் 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதியாயிற்று. ஆகவே மலையடிவாரத்து ஊர்க்காரர்கள், தம் வீடும் தோட்டமும் அந்த எல்லைக்குள் அமைகின்றனவா என்பதை வனத்துறை அலுவலகத்தில் விசாரித்துத் தெளிந்த பிறகே முன்பணம் பற்றிப் பேசவேண்டும்.

4. குழலே விலை

காகிதம் சரியாயிருந்தால் ஆயுதத்துக்கு வரலாம். எந்தத் துப்பாக்கியைத் தொட்டாலும், குழல் வாயை மனிதர் இல்லாத திசையில் வைத்து, போல்ட்டைத் திறந்து, தோட்டா அமரும் அறையும் மேகசினும் காலியாயிருப்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொள்வது முதற் கடமை. ‘காலிதான்’ என்று விற்பவர் சொல்வதை ஏற்றுக்கொண்டு இதைத் தவிர்க்கக்கூடாது.

பிறகு போல்ட்டைக் கழற்றி எடுத்து, வெள்ளைத் துணியால் குழலின் உட்புறத்தை எண்ணெய் போகத் துடைத்து, பின்பக்கமாகக் கண்ணை வைத்து வெளிச்சத்தை நோக்கிப் பாருங்கள். எண்ணெய் பூசிய குழல் எல்லாக் குற்றங்களையும் மறைத்துப் பளபளக்கும். துடைத்த குழலே உண்மையைச் சொல்லும். புரிகளின் விளிம்பு கூர்மையாகவும், உட்சுவர் சீரான ஒளியோடும் இருந்தால் அது நல்ல குழல். லேசான சாம்பல் நிற மங்கல் பெரிய குற்றமன்று. கரும்புள்ளிகளாகக் குழி விழுந்திருந்தால், பழைய காலத்துத் தோட்டாக்களின் பற்றுமருந்து விட்டுச்செல்லும் உப்பு, ஈரத்தை உறிஞ்சி இரும்பை அரித்திருக்கிறது என்று பொருள். தென்மேற்குப் பருவக்காற்றின் சாரலும் வடகிழக்குப் பருவத்தின் அடைமழையும் மாறி மாறி வரும் நம் பகுதியில், சுட்டபின் சுத்தம் செய்யாமல் தோலுறையில் திணித்து வைக்கப்பட்ட ரைபிளுக்கு இக்கதி வெகு விரைவில் நேர்கிறது. தேர்தல் காலந்தோறும் நிலையத்தில் ஒப்படைக்கப்பட்டுப் பல வாரங்கள் கவனிப்பாரற்றுக் கிடப்பதும் இதற்கு ஒரு காரணம். ஒப்படைக்கும் முன் உள்ளும் புறமும் எண்ணெய் தடவி வைத்தவரின் ரைபிளுக்கும், அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தவரின் ரைபிளுக்கும், இருபது ஆண்டுகள் கழித்து விலையில் வித்தியாசம் தெரியும்.

குழலின் உள்ளே ஓரிடத்தில் வளையம் போன்ற நிழல் தெரிந்தால், அங்கே அடைப்பு இருக்கும்போது சுட்டதனால் குழல் வீங்கியிருக்கிறது என்று கொள்ளவேண்டும். வெளியே விரலால் தடவினால் அந்த வீக்கம் சில சமயம் புலப்படும். இத்தகைய ரைபிளைச் சுடுவதற்கென்று வாங்கக்கூடாது. குழல் வாயின் விளிம்பு, சுத்தம் செய்யும் கம்பி உராய்ந்து ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தால் குறி தவறும். இதையும் பார்த்து வையுங்கள்.

அடுத்தது போல்ட். லீ-என்ஃபீல்டு அமைப்பில் போல்ட்டைப் பூட்டும் காதுகள் அதன் பின்பகுதியில் அமைந்துள்ளன. ஒவ்வொரு போல்ட்டும் அதனதன் உடற்பகுதிக்குத் தக்கபடி பொருத்தப்பட்டு, இரண்டிலும் ஒரே எண் பொறிக்கப்படுவது பட்டாள வழக்கம். எண்கள் ஒவ்வாதிருந்தால், எங்கோ ஒரு காலத்தில் வேறு ரைபிளின் போல்ட் இதற்குள் புகுந்திருக்கிறது. அதனால் தோட்டாவின் அடிக்கும் போல்ட்டின் முகத்துக்கும் நடுவே இடைவெளி அதிகரித்து, சுடும்போது தோட்டாவின் உறை பிளந்து, வெப்ப வாயு சுடுபவரின் முகத்தை நோக்கிப் பின்னால் பாயும் அபாயம் உண்டு. இந்த இடைவெளியை அளப்பதற்கு ‘கோ’, ‘நோ-கோ’ என்ற இரண்டு கேஜ்கள் இருக்கின்றன. முன்னதை வைத்தால் போல்ட் மூடவேண்டும், பின்னதை வைத்தால் மூடக்கூடாது. இது ஊகத்தால் செய்யும் காரியமன்று. ஆயுதம் பழுதுபார்க்க உரிமம் பெற்ற ஆர்மரரிடம் கொடுத்தே அறியவேண்டும். அவருக்குக் கொடுக்கும் கூலியை வீண் செலவென்று எண்ணுபவர், தம் கண்ணின் விலையைக் குறைத்து மதிப்பிடுகிறார்.

5. கட்டையும் மேற்பூச்சும் சொல்லும் செய்தி

கட்டையைப் பிடி கழுத்தின் அருகே கவனமாகப் பாருங்கள். சுடும் உதைப்பெல்லாம் அங்கேதான் தாங்கப்படுவதால், மயிரிழை போன்ற வெடிப்பு முதலில் அங்கேயே தோன்றும். கம்பி சுற்றியோ பசை வைத்தோ ஒட்டிய கட்டை சுடுவதற்கு உதவலாம், ஆனால் விலையில் குறைவு காணவேண்டும். நெடுங்காலம் எண்ணெயில் ஊறிக் கறுத்த கட்டை மெத்துப்பட்டுப் பலம் குன்றியிருக்கும்.

புதிதாகக் கறுப்பேற்றிப் பளபளவென்று நிற்கும் பழைய ரைபிளைக் கண்டு மயங்கவேண்டாம். துருவைத் தேய்த்துப் போக்கிய பிறகே கறுப்பேற்றுவார்கள்; அந்தத் தேய்ப்பில் பொறித்த எழுத்துகளின் விளிம்பு மழுங்கி, கோணங்கள் உருண்டுவிடும். எழுத்து கூர்மையாயிருந்து நிறம் மட்டும் மங்கிய ரைபிள், நிறம் பளிச்சென்றிருந்து எழுத்து மழுங்கிய ரைபிளைவிட எப்போதும் உயர்ந்தது. முன்னதில் ஆயுதத்தின் வாழ்க்கை மறைக்கப்படாமல் இருக்கிறது.

இவற்றோடு ஒரு கதையையும் விற்பவர் சேர்த்துச் சொல்லலாம். ‘ஹைவேவிஸ் தேயிலைத் தோட்டத்துத் துரை வைத்திருந்தது’, ‘வண்டிப்பெரியாற்றில் புலியைச் சுட்டது’ என்பன அவ்வகை. அக்கதை உண்மையாகவே இருக்கலாம். பழைய உரிமப் புத்தகமோ, விற்பனைச் சீட்டோ அதை ஆதரித்தால், சேகரிப்பவர் ஒருவர் அதற்கும் சிறிது விலை கொடுப்பது முறையே. ஆதாரமில்லாத கதைக்கு ஒரு ரூபாயும் சேர்க்கவேண்டாம்.

6. இரட்டைக் குழல் துப்பாக்கியானால்

பள்ளத்தாக்கில் ரைபிளைப் போலவே விலைக்கு வரக்கூடியது 12 போர் இரட்டைக் குழல் துப்பாக்கி. இதற்குரிய பரிசோதனை வேறு. குழல்களைப் பூட்டியபின் முன்கட்டையைக் கழற்றிவிட்டு, மெதுவாக ஆட்டிப் பாருங்கள். கீலில் ஆட்டம் தெரிந்தால் அது தேய்ந்துவிட்டது. குழல்களைத் தனியே பிரித்து, கொக்கிப் பகுதியால் தொங்கவிட்டு, மரத்துண்டால் இலேசாகத் தட்டினால், பற்றுவைப்பு உறுதியான குழல்கள் மணிபோல் நீண்டு ஒலிக்கும். பற்று விட்டவை கரகரவென்று ஒலித்து அடங்கும்.

பழைய இங்கிலாந்துத் துப்பாக்கியானால், 1813இல் நிறுவப்பட்ட பர்மிங்ஹாம் சோதனைச் சாலையின் முத்திரையோ லண்டன் சோதனைச் சாலையின் முத்திரையோ குழலின் அடியில் இருக்கும். ‘நைட்ரோ’ எனப்படும், இன்றைய புகையில்லா மருந்துத் தோட்டாவுக்கான சோதனை முத்திரை உண்டா என்பதை ஆர்மரரிடம் கேட்டறியுங்கள். இரும்புப் பட்டைகளை முறுக்கிச் செய்த டமாஸ்கஸ் குழல்கள், அலையலையான அழகிய கோலத்தோடு காட்சியளிக்கும். அவை கருமருந்துக் காலத்தவை. அக்குழல்களில் இன்றைய தோட்டாவை இட்டுச் சுடுவது உயிருக்கு உலைவைக்கும் காரியம். தோட்டா அறையின் நீளமும் கவனிக்கத்தக்கது. 65 மில்லிமீட்டர் அறையில் 70 மில்லிமீட்டர் தோட்டாவை இடக்கூடாது. புனேயை அடுத்த கட்கியில் தயாராகும் சக்திமான் தோட்டாக்களில் உங்கள் அறைக்குப் பொருந்துவது எது என்பதைக் கேட்டறிந்த பிறகே விலை பேசுங்கள். தோட்டா கிடைக்காத ஆயுதம், அது உலகப் புகழ் பெற்ற கம்பெனியின் படைப்பாயினும், சுவரில் மாட்டிவைக்கும் இரும்பே ஆகும்.

7. நூறு பங்குக் கணக்கு

மேற்கூறிய பரிசோதனைகளின் முடிவை ரூபாயாக மாற்றுவது எப்படி? நான் பின்பற்றுவதும் பிறருக்குச் சொல்வதும் ஓர் எளிய கணக்கு. இது சட்டமன்று, சாஸ்திரமும் அன்று. பேரம் பேசும் இருவரும் ஒரே காகிதத்தில் எழுதிப் பார்ப்பதற்கான ஒழுங்கு மாத்திரமே.

அதே மாதிரியான புதிய ரைபிளின் இன்றைய விலையை, வரியோடு சேர்த்து, உரிமம் பெற்ற கடையில் விசாரித்து, அதை 100 பங்காகக் கொள்ளுங்கள். கைமாறிய பொருள் என்பதற்காக 30 பங்கு கழியுங்கள். ரைபிள் வயதினால் மட்டும் கெடுவதில்லை. ஆகவே நாற்பது ஆண்டாயிற்று என்பதற்காக மேலும் கழிப்பது நியாயமன்று. மீதியுள்ள 70 பங்கிலிருந்து குற்றத்துக்குத் தக்கபடி கழித்துவரவேண்டும்: குழலில் மங்கல் மட்டும் இருந்தால் 5 பங்கு, குழி விழுந்திருந்தால் 20 பங்கு; போல்ட் எண் ஒவ்வாமல், ஆனால் கேஜ் பரிசோதனையில் தேறியிருந்தால் 10 பங்கு; கட்டை வெடித்து ஒட்டப்பட்டிருந்தால் 10 பங்கு; எழுத்து மழுங்கத் தேய்த்துக் கறுப்பேற்றியிருந்தால் 10 பங்கு; மேகசின், குறிமுனை போன்ற உறுப்புகள் இல்லையெனில் அவற்றை வாங்கிப் பொருத்தும் செலவு. குழல் வீங்கியிருந்தாலோ, கேஜ் பரிசோதனையில் தவறினாலோ, கணக்கை அங்கேயே நிறுத்திவிடுங்கள். அது சுடும் ஆயுதமாக மதிப்பிடத் தக்கதன்று.

உதாரணமாக, கணக்குக்கு எளிதாயிருக்க, புதியதின் விலை ஒரு லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். குழலில் குழி, கட்டையில் ஒட்டு என்ற இரண்டு குற்றங்களுடைய .315 ரைபிளுக்கு 70 பங்கிலிருந்து 30 கழிந்து 40 பங்கு நிற்கிறது. நியாய விலை நாற்பதாயிரம். குற்றமற்றதாயின் எழுபதாயிரம் கொடுப்பதற்குத் தயங்கவேண்டியதில்லை. ஆர்மரர் கூலியும் போக்குவரத்தும் வாங்குபவர் பொறுப்பு. வியாபாரியிடம் ஒப்படைத்து வைத்ததற்கான பாக்கி வாடகை விற்பவர் பொறுப்பு. இவ்விரண்டையும் முன்கூட்டியே பேசிக்கொண்டால் பின்னால் மனஸ்தாபம் நேராது.

இறக்குமதி ஆயுதங்களுக்குப் புதியதின் விலை கிடையாதாகையால் இந்தக் கணக்கு நேரடியாகப் பொருந்தாது. அங்கே, அதே வேலையைச் செய்யும் நல்ல இந்தியத் துப்பாக்கியின் விலையை அடிப்படையாக வைத்து, குற்றங்களைக் கழித்து, பெயருக்கும் வேலைப்பாட்டுக்கும் எவ்வளவு மேல்கொடுக்கச் சம்மதம் என்பதைத் தனியாக எழுதுங்கள். நாளை அதே பொருளை நீங்கள் விற்க நேர்ந்தால், அந்த மேல்தொகையை மற்றொருவர் தருவாரா என்ற கேள்விக்கு மனச்சாட்சி ‘ஆம்’ என்று சொன்னால் மட்டும் கொடுங்கள்.

8. எதற்காக வாங்குகிறோம்?

பிரயோஜனமில்லாத பொருளுக்குக் கொடுக்கும் எந்த விலையும் அதிக விலையே. திராட்சையும் வாழையும் கடலையும் பயிரிடுவோர், காட்டுப்பன்றியை நினைத்தே ரைபிள் வாங்க விரும்புவதை நான் அறிவேன். ஓரிரவில் ஒரு பருவத்து உழைப்பு குலைக்கப்படுவதைக் கண்டவர்களின் ஆத்திரம் நியாயமானது. ஆயினும் தமிழ்நாட்டில் விவசாயி தாமாகவே பன்றியைச் சுடச் சட்டம் இடம் தரவில்லை. 2025 ஜனவரியில் மாநில அரசு வகுத்த முறைப்படி, காப்புக்காட்டின் எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை மட்டுமே, அதுவும் அரசுப் பணியாளரே சுடலாம். 1 கிலோமீட்டருக்குள் சுடவே கூடாது. மலைக்கு அப்பாலுள்ள கேரளத்தில் 2022 முதல் உள்ளாட்சித் தலைவர்களின் அனுமதியோடு உரிமதாரர்கள் பன்றியைச் சுட வழி செய்யப்பட்டிருக்கிறது என்ற செய்தி, குமுளி வழியாக இங்கே வந்து, நமக்கும் அது பொருந்தும் என்ற தவறான எண்ணத்தைத் தோற்றுவித்துவிடக்கூடாது.

தனித்த தோட்டத்து வீட்டில் உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பு வேண்டி வாங்குபவருக்கு, 12 போர் துப்பாக்கியே பெரும்பாலும் போதும். .315 ரைபிளின் குண்டு ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால் செல்லவல்லது; பந்தலுக்குப் பந்தல் ஆட்கள் வேலை செய்யும் நெருக்கமான இந்தப் பள்ளத்தாக்கில், அத்தனை தூரம் செல்லும் குண்டுக்கு யார் பொறுப்பு என்பதை வாங்குபவர் நிதானமாகச் சிந்திக்கவேண்டும்.

9. பேரமும் பணமும்

தனியார் ஒருவர் மற்றொருவருக்கு ஆயுதத்தை விற்பதானால், வாங்குபவரின் பெயரையும் விலாசத்தையும் குறிப்பிட்டு, மாவட்ட மாஜிஸ்திரேட்டின் அதிகாரமுடைய ஆட்சியருக்கோ அருகிலுள்ள போலீஸ் நிலையத்துக்கோ எழுத்துமூலம் அறிவித்து, 45 நாட்கள் கழிந்த பின்னரே ஆயுதத்தைக் கைமாற்றலாம் என்று ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு விதிக்கிறது. இந்தக் கால இடைவெளியை இடையூறாக எண்ணாமல், பரிசோதனைக்குக் கிடைத்த அவகாசமாகக் கொள்ளுங்கள். முன்பணமாகச் சிறு தொகை கொடுத்து, ஆர்மரரின் பரிசோதனையில் தவறினால் அது திருப்பித் தரப்படும் என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். மீதியை, ஆயுதம் கைமாறும் நாளில், வங்கியின் மூலமே செலுத்துங்கள். ரசீதில் வரிசை எண்ணும் இருவரின் உரிம விவரமும் தவறாமல் இடம்பெறவேண்டும். அதன்பின் ஆயுதத்தை உரிம அதிகாரியிடம் காட்டி, உங்கள் புத்தகத்தில் பதிவு ஏற்றிக்கொள்வதோடு கிரயம் பூர்த்தியாகிறது.

பேரம் பேசும்போது ஒன்றை மறவாதிருங்கள். நிலத்தையோ மாட்டையோ விற்பவர், விலை படியவில்லையென்றால் அடுத்த சந்தைவரை காத்திருக்கலாம். உரிமமில்லாத வாரிசு அப்படிக் காத்திருக்க முடியாது. சட்டத்தின் கெடு அவர் தலைமேல் நிற்கிறது, வாங்கத் தகுதியுள்ளவரோ ஊருக்கு ஒருவர் இருவர்தான். இந்த நிலைமையில் வாங்குபவர் வாய்மூடிக் காத்திருந்தால், நாற்பதாயிரம் பெறும் பொருளைப் பத்தாயிரத்துக்கு அடித்துக்கொண்டு போகலாம். சட்டம் அதைத் தடுக்காது. தடுக்கவேண்டியது அவருடைய மனச்சாட்சியே. பங்குக் கணக்கை விற்பவர் முன்னிலையில் எழுதிக் காட்டி, குற்றத்தைக் குற்றமென்றும் நலத்தை நலமென்றும் வெளிப்படையாகச் சொல்லி, வந்த தொகையைக் குறைக்காமல் கொடுங்கள். விற்பவரும் தாம் அறிந்த குற்றத்தை, குறிப்பாகச் சுடுபவர் உயிரைப் பாதிக்கும் குற்றத்தை, ஒளிக்காமல் சொல்லிவிடுவது கடமை. ஆயுதம் கைமாறிய பின்னும் இருவரும் ஒரே ஊரில், ஒரே வாய்க்கால் நீரில் பயிர் செய்து வாழவேண்டியவர்கள். அந்த வாழ்வுக்கு ஊறு செய்யாத தொகை எதுவோ அதையே கொடுத்து வாங்குங்கள்.